வீட்டு இன்டர்நெட் ஊர்ந்து போகிறதா? முதலில் கம்பியைப் பாருங்கள்



டெலிபோன் கம்பி வழியாக வீட்டுக்கு இன்டர்நெட் எடுத்திருப்பவர்கள் நம்மிடம் சொல்லும் குறை ஒன்றுதான். "மாசா மாசம் பில் கட்டுறோம், பிள்ளை படிக்கிற நேரத்துல சுத்திக்கிட்டே நிக்குது." 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது வீட்டுக்குள் வந்த இன்டர்நெட் பாடம், பிறகும் டியூஷன், வினாத்தாள் என்று நிலைத்துவிட்டது. வேகம் இல்லை என்றதும் சிலர் கூடிய விலைப் பெக்கேஜுக்கு மாறிவிடுகிறார்கள். கோளாறு கம்பியில் இருந்தால் அந்தக் காசு வீண். ஆகவே கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா என்று முதலில் பிரித்துப் பார்ப்போம்.

மாதத்துக்குரிய டேட்டா அளவு முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் வேகத்தைக் குறைக்கும் பெக்கேஜ்கள் உண்டு. அது கோளாறல்ல. இன்னொன்று, 8 மெகாபிட் என்று எழுதியிருந்தால் வினாடிக்கு 1 மெகாபைட்தான் இறங்கும். பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலர் ஏமாந்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

இனி டெலிபோனைக் காதில் வையுங்கள். டயல் சத்தம் சுத்தமாகக் கேட்க வேண்டும். கரகரன்னு சத்தம் வந்தால், அதுவும் மழை நாளில் கூடினால், எங்கோ ஒரு ஜொயின்டில் தண்ணீர் இறங்கியிருக்கிறது அல்லது செம்பில் களிம்பு ஏறியிருக்கிறது. நம் மலைகளில் மழையும் பனியும் ஓயாததால் இது சாதாரணமாக நடப்பது. பேச்சும் இன்டர்நெட்டும் ஒரே சோடிக் கம்பியில்தான் வருகின்றன. பேச்சு ஓரளவு சமாளிக்கும், இன்டர்நெட் சமாளிக்காது.

அந்த இரண்டையும் பிரிப்பதற்குத்தான் ஸ்பிளிட்டர் என்ற சின்னப் பெட்டி. வெளியிலிருந்து வரும் கம்பி முதலில் அதற்குள் போக வேண்டும். அதிலிருந்து ஒரு வயர் ரவுட்டருக்கு, மற்றது போனுக்கு. அடுத்த காம்பராவில் இன்னொரு போன் வைக்க விரும்பி, ஸ்பிளிட்டருக்கு முன்னாலேயே கம்பியைச் சுரண்டி முறுக்கி டேப் ஒட்டியிருப்பதை நாம் பல வீடுகளில் கண்டிருக்கிறோம். போன் அடிக்கும்போதெல்லாம் இன்டர்நெட் அறுந்து போவது இதனால்தான். இரண்டாவது போனையும் ஸ்பிளிட்டரின் போன் பக்கத்திலிருந்தே எடுங்கள்.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஒரு மாலை நேரம் போன்களையும் ஸ்பிளிட்டரையும் கழற்றி வைத்துவிட்டு, வெளிக் கம்பி வந்து சேரும் முதல் பெட்டியிலேயே ரவுட்டரை நேராக மாட்டுங்கள். ரவுட்டருக்குப் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். வேகம் கூடினால் குறை வீட்டு வயரிங்கில்தான். கூடவில்லை, டீ.எஸ்.எல். விளக்கும் அடிக்கடி மினுக்குகிறது என்றால் குறை வெளியில். விளக்கு நிலையாக எரிந்து, ரவுட்டர் பக்கத்தில் நல்ல வேகமும் உள் காம்பராவில் மந்தமும் என்றால், தடுப்பது சுவர். பழைய லயத்துக் கருங்கல் சுவரை வைஃபை லேசில் தாண்டாது. ரவுட்டரை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல் நடுவில், உயரத்தில் வையுங்கள்.

தூரத்தை மட்டும் நம்மால் மாற்ற முடியாது. ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் முறையில் 24 மெகாபிட் வரை வரலாம் என்பது எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீடுகளுக்குத்தான். கம்பி 5 கிலோமீட்டரை எட்டினால் 1, 2 மெகாபிட் கிடைப்பதே பெரிய காரியம். மலைப்பாதையில் வளைந்து வளைந்து வரும் கம்பியின் நீளம்தான் கணக்கு, கண்ணுக்குத் தெரியும் தூரம் அல்ல. அப்படிப்பட்ட வீட்டுக்கு எந்தப் பெக்கேஜும் உதவாது. ஃபைபர் வந்திருக்கிறதா, 4ஜி சிக்னல் நன்றாக இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

வெளியில்தான் கோளாறு என்றால் கம்பெனிக்கு முறைப்பாடு செய்யுங்கள். "ஸ்லோவா இருக்கு" என்று மட்டும் சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லி முடித்துவிடுவார்கள். போனில் சத்தம் வருகிறது, ஸ்பிளிட்டர் இல்லாமலும் பார்த்தாயிற்று, இன்ன நேரத்தில் விளக்கு அறுந்தது என்று சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டுப் பிள்ளையின் கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதத் தயங்குகிறவர்கள் நம் காரியாலயத்துக்கு வரலாம், எழுதித் தருகிறோம்.

போஸ்ட்டில் ஏறி நீங்களே ஜொயின்டைத் திருத்தப் போக வேண்டாம், மின்சாரக் கம்பியும் பக்கத்தில் ஓடும். இடி முழங்கத் தொடங்கும் முன்பே ரவுட்டரின் கரண்ட் வயரை மட்டுமல்ல, டெலிபோன் வயரையும் கழற்றி விடுங்கள். மின்னல் அந்த வழியாலும் வரும்.