கூட்டம் கூடாத சந்தை

2022 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் வீட்டு விறாந்தையிலே சிறியதொரு மகாநாடு கூடியது. கூட்டியவன் என் மருமகன்; பல்கலைக்கழகத்திலே கணினி விஞ்ஞானம் பயில்பவன். கைத்தொலைபேசியின் திரையிலே ரொறன்ரோவிலிருந்து என் தமக்கையார், இலண்டனிலிருந்து சின்னையாவின் மகள், மெல்பேணிலிருந்து இருவர் என உறவினர் பதினான்கு பேர் தோன்றினர்.

"எங்கட குடும்பத்துப் படங்களையும் கதைகளையும் ஏன் ஆரோ ஒரு முதலாளியின்ர கையிலை குடுத்து வைச்சிருக்கிறம்? எல்லாருமாய் வேறை இடத்துக்குப் போவம்" என்று தொடங்கினான் அவன். அவ்விடத்திலே விளம்பரம் இல்லை. நாம் எதைப் பார்க்கிறோம் என்று கணக்கெடுத்து விற்பார் இல்லை. தனியொருவர் நினைத்தவுடன் சட்டதிட்டங்களைத் தலைகீழாக மாற்றிவிடவும் இயலாது என்றெல்லாம் அரைமணி நேரம் எடுத்துரைத்தான். எல்லாரும் பொறுமையோடு கேட்டனர். இறுதியிலே தமக்கையார் வாய் திறந்தார்.

"நீ சொல்லுறது சரி மோனை. ஆனால் எங்கட ஆக்கள் ஆர் அங்கை நிக்கினம்?"

"எல்லாரும் வந்தால் எல்லாரும் நிப்பினம், பெரியம்மா."

"அப்ப எல்லாரும் வரட்டும். பிறகு நானும் வாறன்."

மகாநாடு கலைந்தது. பிறகு அவனைப் பின்பற்றிச் சென்றவர் மூவரே. அம்மூவருள் ஒருவர் தமக்கையார்; பிள்ளையின் முகம் வாடக்கூடாதே என்று ஒரு வாரம் கழித்து வந்து, எங்கள் ஐயா கிணற்றடியிலே நிற்கும் பழைய படம் ஒன்றை இட்டுவிட்டுப் போனவர், மீண்டும் அப்பக்கம் தலைகாட்டினாரல்லர். அறிஞர் பலர் நீண்ட கட்டுரைகளில் ஆராயும் ஒரு சிக்கலை அவர் அன்று இரண்டே வசனங்களில் சொல்லி முடித்துவிட்டார் என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று.

என் மருமகன் அழைத்த இடத்தின் பெயர் மஸ்டொடோன். உலகில் அற்றுப்போன யானையினம் ஒன்றின் பெயர் அது. ருஷ்யாவிலே பிறந்து ஜேர்மனியிலே வளர்ந்த இயூஜன் ரொச்கோ என்னும் இளைஞர் 2016 ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். அங்கே எழுதும் குறிப்புக்குக்கூட முதலில் யானையின் பிளிறலைக் குறிக்கும் பெயரையே இட்டிருந்தனர். (எங்கள் தமக்கையார் இன்றைக்கும் அதனை "யானை" என்றே சொல்வார்.)

டுவிட்டர், பேஸ்புக் முதலியன ஒரே உரிமையாளரின் பெரிய மாளிகை போன்றவை. வாயிலும் காவலும் அவருடையன. உள்ளே வாழ்வோர் குடியிருப்பவர் மாத்திரமே. மஸ்டொடோனோ பல்லாயிரம் சிறு வீடுகள் கொண்ட ஓர் ஊர். விரும்பிய எவரும் ஒரு சேவையகத்தை, அதாவது இணையத்தோடு இணைந்த ஒரு கணினியை, அமர்த்தித் தம் வீட்டை எழுப்பலாம். தமக்கேற்ற விதிகளை வகுக்கலாம். ஒரு வீட்டிலிருப்பவர் இன்னொரு வீட்டிலிருப்பவரோடு பேசுவதற்குரிய பொதுமொழி ஒன்று உண்டு. அக்டிவிட்டிபப் எனப்படும் அதனை, வலைத்தளங்களுக்கு நியமங்கள் வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2018 ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கீகரித்தது. மின்னஞ்சலும் இத்தகையதே. நீங்கள் ஒரு கம்பனியிடம் முகவரி பெற்றிருந்தாலும், வேறொரு கம்பனியிடம் பெற்ற நண்பருக்குத் தடையின்றி மடல் அனுப்புகிறீர்கள்.

அப்படியாயின் மின்னஞ்சல் உலகை வென்றதுபோல மஸ்டொடோனும் ஏன் வெல்லவில்லை என்று மாணவ நேயர்கள் கேட்கலாம். மின்னஞ்சல் பிறந்த காலத்தில் மக்கள் விட்டு வரவேண்டிய மாளிகை எதுவும் இருக்கவில்லை. வெற்று நிலத்திலே ஊர் அமைந்தது. மஸ்டொடோன் பிறந்தபோதோ உலகத்தார் ஏற்கெனவே மாளிகைகளுக்குள் குடிபுகுந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

அவர்களை வெளியே அழைக்கும் முயற்சி முன்னரும் நடந்ததுண்டு. 2010 ஆம் ஆண்டில் நியூயோர்க் பல்கலைக்கழக மாணவர் நால்வர் டயஸ்போரா என்னும் தளத்தை அமைக்கப் பொதுமக்களிடம் 10,000 டொலர் கேட்டனர். ஏறத்தாழ 2,00,000 டொலர் வந்து குவிந்தது. பணம் கொடுக்க மனம் இருந்தது, குடிவரத்தான் ஆளில்லை. 2012 இல் அத்தளம் தொண்டர்களின் பொறுப்பில் விடப்பட்டது.

மஸ்டொடோனுக்குப் பெருவாய்ப்பு வாய்த்தது 2022 ஆம் ஆண்டு ஒக்டோபர் 27 ஆந் திகதி. அன்று இலோன் மஸ்க் 4,400 கோடி டொலர் விலையில் டுவிட்டரை வாங்கி முடித்தார். அதன் ஊழியரிற் பெரும்பகுதியினர் சில நாட்களிலேயே நீக்கப்பட்டனர். வெறுப்புற்ற எழுத்தாளரும் விஞ்ஞானிகளும் பத்திரிகையாளரும் கூட்டங் கூட்டமாய்ப் புறப்பட்டனர். அதுகாறும் மாதந்தோறும் 3 இலட்சம் பேரளவில் வந்துபோன மஸ்டொடோனில், இரண்டு மாதங்களுக்குள் அத்தொகை 25 இலட்சமாயிற்று. எனினும் அடுத்த ஜனவரியில் அது ஏறக்குறைய 18 இலட்சமாகச் சுருங்கிவிட்டது. வந்தவர்களில் பலர் சந்தியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வீடு திரும்பினர்.

முதற் குற்றம் வாயிற்படியிலேயே இருந்தது. உள்ளே நுழைய வந்தவரை நோக்கி, "எந்தச் சேவையகத்தில் சேரப்போகிறீர்?" என்று கேட்டனர். ஓர் ஊரையே கண்டிராதவனிடம், "எந்த ஒழுங்கையில், எந்த வீட்டில் குடியிருக்கப் போகிறாய்?" என்று கேட்டால் அவன் என் சொல்வான்? வேறொரு வீட்டிலிருக்கும் நண்பரைப் பின்தொடர வேண்டுமாயின், அவருடைய முகவரியைப் பிரதி செய்து, தம் வீட்டுத் தேடற்பெட்டியில் ஒட்டித் தேடவேண்டியிருந்தது. 2023 ஆம் ஆண்டு மே மாதத்திலேதான், புதியவர் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லாமல் அவரைத் தலைமை வீட்டிலேயே சேர்க்கும் வழியை ரொச்கோ முன்வைத்தார். பன்மையே எங்கள் பெருமை என்றவர்கள், எல்லாரையும் ஒரே வீட்டில் அடைக்கலாமா என்று அப்போதும் சிலர் முணுமுணுத்தனர்.

வேறு சில இடர்ப்பாடுகள் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை. யார் எழுதியதையும் சொல்லைக் கொண்டு தேடிப் பிடிக்கும் வசதி, 2023 வரை அங்கே பொதுவாக இல்லை. இன்றும் எழுதியவர் இசைந்தாலன்றி அவர் எழுத்து அவ்வாறு அகப்படாது. ஒருவர் கூற்றை எடுத்துக்காட்டி அதன்மேல் தம் கருத்தை உரைக்கும் முறையும் 2025 ஆம் ஆண்டிலேதான் வந்தது. கூட்டமாய்ச் சேர்ந்து ஒருவரைத் தேடிப்பிடித்து இழிவுசெய்வதற்கு இவ்வசதிகள் டுவிட்டரில் துணைபோனமையைக் கண்டவர்கள் இட்ட வேலிகள் அவை. நல்ல நோக்கந்தான். ஆயினும், ஆரவாரமான கடைத்தெருவிலிருந்து வந்தவனுக்கு அவ்வமைதி ஆளில்லாத வீடாகவே தோன்றிற்று. அங்கே முதலில் குடியேறியோர், "இங்கே இப்படிப் பேசலாகாது, படத்திற்கு விளக்கம் எழுதாமல் இடலாகாது" என்று வந்தவர்களுக்கு ஒழுக்கம் புகட்டிய கண்டிப்பும் சேர்ந்துகொண்டது. விருந்தினர் செருப்பைக் கழற்றுமுன்னே விதிகளைப் படிக்கும் வீட்டில் யார்தாம் நெடுநேரம் இருப்பர்?

ஆயினும் இவையெல்லாம் திருத்தக்க குறைகள். திருத்திய பின்னரும் நிற்கும் தடை ஒன்றுண்டு. அதற்கு அமெரிக்காவின் தொலைபேசி வரலாற்றைப் பார்த்தல் வேண்டும்.

அலெக்சாந்தர் கிரகம் பெல் பெற்ற தொலைபேசிக் காப்புரிமைகள் 1893, 1894 ஆம் ஆண்டுகளில் முடிவடைந்தன. உடனே ஊர்தோறும் சிறு தொலைபேசிக் கம்பனிகள் எழுந்தன. பெல் கம்பனி திரும்பியும் பாராத கிராமங்களில் உழவர்களே கம்பம் நட்டுக் கம்பி இழுத்தனர். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே, அந்நாட்டுத் தொலைபேசிகளில் ஏறத்தாழச் சரிபாதி இச்சிறு கம்பனிகளுடையனவாய் இருந்தன. கட்டணம் குறைவு, ஊர்க்காரர் நிருவாகம். ஆனால் பெல் கம்பனி தன் கம்பிகளைப் போட்டியாளரின் கம்பிகளோடு இணைக்க மறுத்தது. ஆகவே ஓரூரில் இரண்டு கம்பனிகள் இருந்தால், ஒன்றின் சந்தாதாரர் மற்றதன் சந்தாதாரரோடு பேச முடியாது. கடைக்காரர் பலர் இரண்டு தொலைபேசிகளைப் பொருத்தி இரண்டுக்கும் பணம் கட்டினர். ஒன்றே வைத்திருக்க வசதியுள்ள குடும்பத்தார் எதனைத் தெரிந்தெடுப்பர்? தம் வைத்தியரும் தம் உறவினரும் எதிலுள்ளாரோ, அதனையே. குரல் தெளிவா, கட்டணம் மலிவா என்பதெல்லாம் பின்னால் வரும் கேள்விகள். 1913 ஆம் ஆண்டில், அரசாங்கத்தின் நெருக்குதலுக்குட்பட்டு, பெல் குழுமத்தின் தாய்க்கம்பனி தன் நெடுந்தூரக் கம்பிகளைப் பிறருக்குத் திறந்துவிட இசைந்தது.

இதனையே நம் காலத்துக்குப் பொருத்திப் பாருங்கள். மஸ்டொடோனிலுள்ள வீடுகள் தமக்குள் இணைந்திருக்கலாம். பெரிய மாளிகையோடு இணைந்திருக்கவில்லை. பதினான்கு பேர் கொண்ட குடும்பத்தில் ஒருவர் மட்டும் இடம் பெயர்ந்தால் அவர் இழப்பது பதின்மூன்று பேரை. எஞ்சியோர் இழப்பது ஒருவரை. எனவே யாரும் முதலில் போக விரும்பார். எல்லாரும் போக விரும்பினாலும் ஒருவரும் போகமாட்டார்! இது அறியாமையன்று, அவரவர் நிலையில் நின்று பார்த்தால் முற்றிலும் அறிவுடைய முடிவே.

ஒருங்கே பெயர வாய்த்தபோது மக்கள் தயங்கவில்லை. 2023 ஆம் ஆண்டு ஜூலை 5 ஆந் திகதி திரெட்ஸ் என்னும் தளம் தொடங்கியது. ஐந்தே நாட்களில் 10 கோடிப் பேர் அதிற் சேர்ந்தனர். இன்ஸ்டகிராமில் இருந்த கணக்கையும் தொடர்புகளையும் அப்படியே எடுத்துச் செல்ல உரிமையாளரே வழி செய்திருந்தார். மாளிகைக்காரர் தம் மாளிகையின் அடுத்த அறையைத் திறந்தாற் போன்றது அது. பிரேஸில் நாட்டிலோ, எக்ஸ் எனப் பெயர் மாறியிருந்த டுவிட்டரை 2024 ஓகஸ்ட் இறுதியில் உயர் நீதிமன்றம் முடக்கியது; மறைவழியால் அங்கே நுழைவோருக்கு நாளொன்றுக்கு 50,000 ரியால் தண்டம் என்றும் அறிவித்தது. ஒரு வாரத்துக்குள் புளூஸ்கை என்னும் புதிய தளத்தில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் குவிந்தனர். பெரும்பாலார் பிரேஸில் நாட்டவர். அவர்களை எந்தப் பிரசாரமும் நகர்த்தவில்லை. ஒரே நாளில் எல்லாருக்கும் கதவு அடைபட்டமையே நகர்த்தியது. நம் நாட்டிலும் 2022 ஏப்ரில் 3 ஆந் திகதி அரசாங்கம் சமூக வலைத்தளங்களை மூடியது நினைவிருக்கலாம். அது சில மணி நேரத்து மூடல். நம்மவர் வேறு தளம் தேடவில்லை. விபிஎன் என்னும் பின்கதவால் அதே தளங்களுக்குள் நுழைந்தனர்.

இனி, அச்சிறு வீடுகளைப் பேணுவோர் யார்? பெரும்பாலும் தொண்டர்கள். பகல் வேலை முடிந்தபின், கைக்காசும் நன்கொடையும் கொண்டு கணினிக்கு வாடகை கட்டி, வசைமொழிகளைக் களைந்து காவல் காப்பவர்கள். ஏறத்தாழ 12,000 பேர் இருந்த ஒரு மஸ்டொடோன் வீட்டை, ஓயாத சச்சரவுகளால் சலிப்புற்ற அதன் காவலர் 2023 ஆம் ஆண்டில் மூடிவிட்டார். ஆப்கானிஸ்தானுக்குரிய இணையமுகவரியைப் பெற்றிருந்த இன்னொரு வீடு, 2024 பெப்ரவரியில் தலிபான் ஆட்சியினர் அம்முகவரியை முடக்கியதால் அழிந்தது. வீடு மாறுவோர் தம்மைப் பின்தொடர்வோரை உடன் அழைத்துச் செல்லலாம். பழைய எழுத்துக்களையும் படங்களையும் புதிய வீட்டுக்குக் கொண்டு செல்ல முடியாது. இரண்டு வீட்டுக் காவலர் தம்முட் பகைத்துத் தொடர்பை அறுத்துக்கொண்டால், இருபுறமும் உள்ள நண்பர்கள் காரணம் அறியாமலே பிரிக்கப்படுவர். ஒரு பெரிய அதிகாரியிடமிருந்து தப்பியவர்க்குப் பல சிறிய அதிகாரிகள் வாய்த்த கதையும் உண்டு என்பதை மறைப்பது முறையன்று.

புளூஸ்கை இச்சங்கடங்களை அறிந்து, தெரிவு என்னும் கேள்வியையே வாயிலிலிருந்து அகற்றிவிட்டது. 2024 நவம்பரில் அதன் கணக்குகள் 2 கோடியாயின. பரவலாக்கத்துக்கு வேண்டிய ஏற்பாடுகள் அதன் அடித்தளத்திலே உள்ளன. ஆனால் அங்கே சேர்ந்தோரிற் பெரும்பாலார் அந்த ஒரே கம்பனியின் கூரையின் கீழேயே தங்கினர். பலரை வரவழைத்தது எதுவோ, அதுவே அதனை மற்ற மாளிகைகளைப் போலத் தோன்றச் செய்கிறது. திரெட்ஸோ 2024 முதல், விரும்பியோர் மஸ்டொடோன் வீடுகளோடு ஓரளவு பேச வழிவிட்டிருக்கிறது. சிறு வீடுகள் சில அதற்குக் கதவடைத்தன. கம்பிகள் இணைந்த பின்னர் அமெரிக்காவில் ஊருக்கு ஒரே தொலைபேசிக் கம்பனி என்ற நிலை வந்ததை நினைக்கும்போது, கதவடைத்தவர்களை நகைக்க எனக்கு மனம் வரவில்லை.

சென்ற ஆண்டில் தமக்கையாரின் கணக்கு பறிபோயிற்று. யாரோ கடவுச்சொல்லைத் திருடி, ஏதேதோ விளம்பரங்களை அவர் பெயரில் இட, அப்பெருந்தளம் கணக்கையே மூடிவிட்டது. முறையீட்டுக்கு இயந்திரமே மறுமொழி எழுதியது. பேசுவதற்கு ஒரு மனிதர் அகப்படவில்லை. பதினொரு ஆண்டுப் படங்கள்: பேரப்பிள்ளையின் முதற் பிறந்தநாள், தங்கையின் அறுபதாம் ஆண்டு நிறைவு, இறந்துபோன மைத்துனர் எழுதிய வாழ்த்துக்கள் யாவும் போயின. தொலைபேசியில் அழுதார்.

"தம்பி, உன்ர யானையிட்டை நான் ஐயாவின்ர படம் ஒண்டு போட்டனானெல்லோ, அது இருக்கோ?" என்று மருமகனைக் கேட்டார்.

இருந்தது. அவனும் மற்ற இருவரும் மாதம் ஐந்து டொலர் வீதம் செலுத்திக் காத்துவந்த அச்சிறு வீட்டிலே, கிணற்றடியில் ஐயா அன்று நின்றபடியே நின்றார். அவன் அதனை அனுப்பிவைத்தான். இனியாவது அங்கே வரச்சொல்லிக் கேட்கவில்லையா என்றேன். "கேட்டனான் மாமா" என்றான்.

அன்றிரவே தமக்கையார் அதே பெருந்தளத்திலே புதிய கணக்கொன்றைத் திறந்து, ஐயாவின் படத்தை முதலில் இட்டார். விடிவதற்குள் நாற்பத்தொரு பேர் விருப்பம் தெரிவித்திருந்தனர். அவர்களுள் என் மருமகனும் ஒருவன்.