‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று எழுதிவிட்டால் போதுமா?

தீபாவளி, பொங்கல், மே மாத விடுமுறை என்றால் நகரங்களில் நாய், பூனைகளுக்கான போர்டிங் மையங்களில் இடம் கிடைப்பது கஷ்டம். முன்பணம் கட்டியதும் ஒரு படிவத்தை நீட்டுவார்கள். அதன் அடியில் பொடி எழுத்தில், நோய், காயம், மரணம், காணாமல்போதல் எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல என்று இருக்கும். ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் பலரும் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். பிறகு விபரீதம் ஏதும் நடந்தால், ‘எழுதிக் கொடுத்துவிட்டோமே’ என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

பேசாமல் இருக்க வேண்டியதில்லை.

சட்டத்தின் கண்ணில் செல்லப்பிராணி ஓர் அசையும் சொத்து. கேட்க உறுத்தலாக இருந்தாலும், வளர்ப்பவருக்குக் கிடைக்கும் வலுவான பிடி இங்கேதான் இருக்கிறது. ஒரு வேலைக்காக ஒருவரிடம் கொடுத்து, அது முடிந்ததும் திரும்பப் பெறுவதை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் ‘ஒப்படைப்பு’ என்கிறது. இதில் விலங்குகளும் அடக்கம். பராமரிக்க விட்ட பசு கன்று ஈன்றால் கன்றையும் சேர்த்தே திருப்பித் தர வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் 163-ஆம் பிரிவிலேயே உள்ள உதாரணம். விவேகமுள்ள ஒருவர் தன் சொந்த உடைமையைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்காவது கவனம் காட்ட வேண்டும் என்கிறது 151-ஆம் பிரிவு.

பொடி எழுத்து வரி இந்தக் கடமையை அழித்துவிடுமா? 2019-இல் உச்ச நீதிமன்றம் இதே கேள்வியை வேறொரு வழக்கில் சந்தித்தது. 1998-இல் டெல்லி தாஜ்மகால் ஹோட்டலில் ஊழியரிடம் நிறுத்தக் கொடுத்த மாருதி ஜென் கார் திருடுபோனது. ‘உரிமையாளரின் பொறுப்பில்’ என்று டோக்கனில் அச்சிட்டிருக்கிறோம் என்றது ஹோட்டல். தன் தரப்பு அலட்சியத்தால் நேர்ந்த இழப்புக்கு அப்படி எழுதித் தப்ப முடியாது, எப்படித் தொலைந்தது என்று விளக்கும் பொறுப்பு முதலில் ஹோட்டலுக்கே என்றது தீர்ப்பு. கென்னல் வழக்கு இல்லைதான். ஆனால் அடிப்படை அதே ஒப்படைப்புச் சட்டம் என்பதால், வளர்ப்பவர் எடுத்துவைக்கத் தோதான முன்னுதாரணம்.

மறுபக்கமும் உண்டு. உரிய கவனம் எடுத்துக்கொண்டதாக மையம் நிரூபித்தால், 152-ஆம் பிரிவு அதைக் காப்பாற்றும். ஆகவே வழக்கின் போக்கைத் தீர்மானிப்பது, விடும்போது பிராணி எந்த நிலையில் இருந்தது என்பதற்கான ஆதாரம்.

போர்டிங்கில் பெரிய ஆபத்து தொற்று. பார்வோ வைரஸ் தரையிலும் பாத்திரங்களிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண ஃபினாயில் கழுவலுக்கு அடங்காது. அறிகுறி தெரியப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் ஆகும். கென்னல் இருமலுக்கு இரண்டு வாரம்வரை ஆகலாம். உண்ணிக் காய்ச்சல் தலைகாட்ட மூன்று வாரம்கூடப் பிடிக்கும். அதனால் வீடு திரும்பிய பிறகே பல நோய்கள் வெளிப்படுகின்றன. ‘இங்கிருந்து நன்றாகத்தானே போனது’ என்று மையமும் கைவிரிக்கிறது. தடுப்பூசியைக் கிளம்பும் நாளில் போட்டுப் பயனில்லை, இரண்டு வாரம் முன்பே முடித்திருக்க வேண்டும். தீபாவளி நேரத்தில் இன்னோர் ஆபத்து, வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடுவது. வாசலில் இரட்டைக் கதவு உண்டா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

குளிப்பாட்டி முடி வெட்டும் க்ரூமிங்கிலும் ஆபத்து உண்டு; அங்கே கத்தரிக்கோல் காயத்தைவிட மோசமானது வெப்பம். நாய்க்கு இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. குளிப்பாட்டிய நாயைக் கூண்டில் அடைத்து, சூடான காற்று வீசும் டிரையரை மாட்டிவிட்டு ஊழியர் நகர்ந்துவிட்டால், சில நிமிடங்களில் நிலைமை கைமீறும். பக், ஷி சூ, புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்கள் மூச்சிரைத்து வெப்பத்தைத் தணிக்கத் திணறும் என்பதால் முதலில் விழுவது அவைதான். பூனைக்கோ, நாய்களுக்கான பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்து விஷம். ஹஸ்கி, பொமரேனியன் மாதிரி இரட்டை ரோமம் கொண்ட நாய்களை ஒட்ட மழித்தால், முடி பழையபடி வளராமலே போகலாம். முரண்டு பிடிக்கும் பிராணிக்கு ‘கொஞ்சம் மயக்கம் கொடுத்துக்கொள்கிறோம்’ என்று க்ரூமர் சொன்னால், அங்கிருந்து கிளம்பிவிடுவதே உத்தமம். அது பதிவுபெற்ற கால்நடை மருத்துவர் செய்ய வேண்டிய வேலை.

2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் போர்டிங் கென்னல் நடத்துபவரையும் தம் வரையறைக்குள் சேர்த்திருக்கின்றன. எனவே மாநில விலங்குகள் நல வாரியப் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லலாம். பூனைகளுக்கு இந்த விதிகள் பொருந்தாது. எல்லாப் பிராணிகளையும் காப்பது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதும், நெடுநேரம் குட்டைச் சங்கிலியில் கட்டிப்போடுவதும் அதன்படி குற்றம். ஆனால் முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான்! வேண்டுமென்றே கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்தாண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. வெறும் கவனக்குறைவுக்கு அது பொருந்தாது. அதற்கான இடம் நுகர்வோர் ஆணையம்.

விடும் நாளில் செய்ய வேண்டியவை எளியவை. பிராணியைத் தலை முதல் வால்வரை தேதியோடு வீடியோ எடுக்க வேண்டும். உணவு, மருந்து, பழைய நோய்கள், அவசரத்தில் அழைக்க வேண்டிய மருத்துவர், சிகிச்சைக்கு எவ்வளவுவரை செலவிடலாம் என்ற விவரங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘சரி’ என்று பதில் வாங்கிவிட வேண்டும். பில் கட்டாயம், கேட்டும் தராமலிருப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை.

அசம்பாவிதம் நடந்துவிட்டால், அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டி எழுத்தில் சான்று பெற வேண்டும். சிசிடிவி பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி மையத்துக்கு உடனே எழுத வேண்டும். பழைய பதிவுகள் தானாகவே அழிந்துவிடும். பிராணி இறந்திருந்தால் துக்கத்தில் அவசரமாகப் புதைத்துவிடக் கூடாது. குளிரூட்டி வைத்து, சென்னை வேப்பேரியில் உள்ளது போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரியில் பிரேதப் பரிசோதனைக்குக் கொடுத்தால்தான் காரணம் ஆவணமாகும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே சமரசம் எட்டாவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். மையம் வேறு ஊரில் இருந்தாலும், வளர்ப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்க முடியும். செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய்வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் தாமே வாதாடவும், இணையத்தில் மனு தாக்கல் செய்யவும் வழி இருக்கிறது. மருத்துவச் செலவு, கட்டிய பணம், மன உளைச்சல் ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

பாக்கியைக் கொடுத்தால்தான் நாயைத் தருவோம் என்று மடக்கும் இடங்களும் உண்டு. உழைப்போ திறமையோ செலவிட்டவர் கூலி வரும்வரை பொருளைப் பிடித்துவைக்க ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு இடம் தருகிறது என்று அவர்கள் வாதிடலாம். வாசலில் நின்று அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டு, ஆன்லைனில் பணத்தைக் கட்டி, முதலில் நாயை வெளியே கொண்டுவர வேண்டும். பணத்தைப் பிறகு ஆணையத்தில் கேட்டு வாங்கலாம்.