காருக்குள் கச்சேரி

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவர் ஒருவர்)

காஞ்சி என்றவுடன் கோபுரமும் பட்டும் நினைவுக்கு வருவது இயல்பு. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கோ இந்நகரின் ஒலியும் உடன் நினைவுக்கு வரும். வைகாசித் திருவிழாவில் வரதராசப் பெருமாள் கருட வாகனத்தில் எழுந்தருளும் விடியற்காலையில், தவிலும் நாதசுரமும் மின்சாரத்தின் துணையின்றியே தெருக்கோடிவரை கேட்கும். தெருவுக்குத் தெரு தறியோசை எழும். இன்று இவற்றோடு மற்றோர் ஒலியும் சேர்ந்துகொண்டது. ஒரு கார் நம்மைக் கடந்து போகிறது. பாட்டின் சொற்கள் காதில் விழுமுன்னே "தும், தும்" என்ற அதிர்வு நெஞ்சில் வந்து மோதுகிறது. அந்த அதிர்வைத் தருவது 'சப்-ஊஃபர்' என்னும் தாழ்சுருதி ஸ்பீக்கரும், அதை இயக்கும் ஆம்ப்ளிஃபையருமே.

இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. என் சித்தப்பா வாடகை வேன் ஓட்டுகிறார். கலியாணப் பட்டெடுக்க வரும் குடும்பங்களே அவருக்குப் பிழைப்பு. வேனில் பாட்டு நன்றாக இருந்தால்தான் இளைஞர்கள் அழைக்கிறார்கள் என்று ஓர் ஆம்ப்ளிஃபையரும் சப்-ஊஃபரும் பொருத்திக்கொண்டார். ஒரு மாதம் ஆயிற்று. ஒருநாள் மாலை, சேலை மூட்டைகளோடு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வாலாஜாபாத்தைத் தாண்டும்போது பிளாஸ்டிக் தீயும் நாற்றம் வந்தது. முன்பக்கத்திலிருந்து புகை கிளம்பிற்று. எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்தும் புகை நிற்கவில்லை. எல்லாரையும் இறக்கிவிட்டுப் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிய பிறகே நின்றது. "பன்னிரண்டு வோல்ட்தானே, தொட்டால்கூட ஷாக் அடிக்காதே, இது எப்படியப்பா எரிந்தது?" என்று சித்தப்பா என்னைக் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடையே இக்கட்டுரை.

தாழ்ந்த ஒலிக்குத் தனி ஸ்பீக்கர் ஏன்?

மனிதச் செவி நொடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரையுள்ள ஒலிகளைக் கேட்கவல்லது. இவற்றுள் 100 அதிர்வுக்குக் கீழ்ப்பட்டவற்றைச் செவி எளிதில் உணர்வதில்லை. ஆதலின் அவற்றை உரக்க எழுப்பவேண்டும். அதற்கு மிகுந்த காற்றை அசைக்கவேண்டும். கார்க் கதவில் உள்ள சிறிய ஸ்பீக்கரால் அது இயலாது. 10 அல்லது 12 அங்குல அகலமுள்ள கூம்பு தேவைப்படுகிறது.

ஸ்பீக்கரின் தத்துவம் புதியதன்று. காந்தப் புலத்தில் உள்ள கம்பிச் சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் சுருள் அசையும். அதனோடு ஒட்டிய கூம்பும் அசைந்து காற்றைத் தள்ளும். இத்தகைய ஸ்பீக்கரை ரைஸ், கெல்லாக் என்னும் இரு அமெரிக்கப் பொறியாளர்கள் 1925-இல் செம்மையாக வடித்துக் காட்டினர். இன்றும் அடிப்படை அதுவே.

கூம்பு முன்னே காற்றைத் தள்ளும்போது பின்னே இழுக்கிறது. இவ்விரண்டும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். அதனால்தான் சப்-ஊஃபரைக் கெட்டியான மரப்பெட்டிக்குள் அடைக்கிறார்கள். 50 அதிர்வுள்ள ஒலியலையின் நீளம் ஏறத்தாழ 7 மீட்டர். இவ்வளவு நீண்ட அலை எத்திசையிலிருந்து வருகிறது என்று செவியால் கண்டுகொள்ள முடியாது. எனவே பெட்டியை டிக்கியில் வைத்தாலும் குறையில்லை.

பன்னிரண்டு வோல்ட் செய்யும் வேலை

ஸ்டீரியோவுக்குள்ளேயே ஓர் ஆம்ப்ளிஃபையர் இருக்கிறதே, தனியாக வேறு எதற்கு? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 வோல்ட்டை 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுத்தால், தெளிவான ஒலியாகப் பெறக்கூடிய திறன் சுமார் 18 வாட். எஞ்சின் ஓடி மின்னழுத்தம் 14.4 ஆக உயர்ந்தாலும் சுமார் 26 வாட். பெட்டியின்மேல் "50 வாட்" என்று அச்சிட்டிருந்தாலும் ஓமின் விதி அதற்குக் கட்டுப்படாது. தனி ஆம்ப்ளிஃபையர் தனக்குள் 12 வோல்ட்டை முதலில் உயர்த்திக்கொண்டு, பிறகு பெருக்குகிறது. அதனால்தான் அது 300 வாட்டையும் தரமுடிகிறது.

ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. 300 வாட் ஒலித்திறன் தரும் பழைய வகை ஆம்ப்ளிஃபையர், உட்கொள்வதில் ஏறத்தாழப் பாதியை வெப்பமாக இழக்கும். அப்படியானால் அது பேட்டரியிலிருந்து 600 வாட் இழுக்கவேண்டும். 600-ஐ 12-ஆல் வகுத்தால் 50 ஆம்பியர்! காரின் 55 வாட் முகப்பு விளக்கு ஒன்று இழுப்பது 5 ஆம்பியருக்கும் குறைவே. 'டி' வகை எனப்படும் புதிய ஆம்ப்ளிஃபையர்கள் இழப்பைப் பெரிதும் குறைத்துள்ளன. அவற்றுக்கும் ஏறத்தாழ 30 ஆம்பியர் வேண்டும். வோல்ட் குறைந்தால் ஆம்பியர் கூடும். நம்மைத் தொட்டு உதறச் செய்வது வோல்ட். கம்பியைச் சுட்டு எரிப்பது ஆம்பியர். சித்தப்பாவின் கேள்விக்கு விடையின் முதற்பாதி இதுதான்.

கம்பியும் பியூசும்

பேட்டரியிலிருந்து பின்பக்கம்வரை 5 மீட்டர் கம்பி என்று கொள்வோம். வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியைப் போட்டால் அதன் மின்தடை 0.034 ஓம். மிகச் சிறிய எண்தான்! ஆனால் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது அன்றோ? 50 ஆம்பியர் தொடர்ந்து பாய்ந்தால் அக்கம்பியில் மட்டும் 85 வாட் வெப்பமாகும். சாலிடரிங் அயர்ன் இரண்டு, மூன்றைக் கம்பளத்தின் அடியில் மறைத்துவைத்தது போல. 25 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் இது பத்தில் ஒரு பங்காகிவிடும்.

கடையில் தடித்த கம்பி மலிவாகக் கிடைத்தாலும் ஏமாறலாகாது. அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய கம்பியும் உண்டு. காஞ்சிபுரத்தாருக்குப் போலிச் சரிகையைப் பற்றிச் சொல்லித் தரவேண்டியதில்லை. நுனியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெண்மை தெரிந்தால் அது கம்பிகளுள் போலிச் சரிகை. செம்பைவிட அதன் தடை ஒன்றரை மடங்குக்கு மேல்.

இனிப் பியூஸ். சித்தப்பாவின் வேனில் பியூஸ் இல்லாமல் இல்லை. ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில் அழகாகப் பொருத்தியிருந்தார்கள். ஆனால் கம்பி தேய்ந்தது எஞ்சின் அறையின் தகரத் துளையில். ரப்பர் வளையம் போடாத அத்துளையின் விளிம்பு, வண்டி குலுங்கக் குலுங்கக் கம்பியின் உறையை அறுத்துவிட்டது. செம்பு தகரத்தைத் தொட்டது. வண்டியின் உடலே பேட்டரியின் எதிர்முனை. பேட்டரியோ நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டவல்லது. அந்த மின்னோட்டம் பின்பக்கம் இருந்த பியூசை எட்டவே இல்லை. வழியிலேயே சுற்றை முடித்துக்கொண்டது. கம்பி பேட்டரியோடு நேராக இணைந்திருந்ததால் சாவியை எடுத்தும் பயனில்லை. பியூஸ் காப்பது ஆம்ப்ளிஃபையரை மட்டுமன்று, கம்பியையும் என்பதை மறந்ததன் விளைவு இது. பேட்டரியின் நேர்முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் பியூஸ் இருந்திருந்தால், அது அக்கணமே உருகிக் கம்பியைக் காத்திருக்கும்.

இணைக்கும் முறை

1. வேலை தொடங்குமுன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிடவேண்டும்.

2. தடித்த மின்கம்பியை ரப்பர் வளையமிட்ட துளைவழியே கொண்டுசென்று, பேட்டரியருகே பியூஸ் தாங்கியைப் பொருத்தவேண்டும். பியூசை மட்டும் கடைசியில் போடவேண்டும்.

3. எர்த் கம்பியும் அதே தடிப்பில், இயன்றவரை குட்டையாக இருக்கவேண்டும். பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் போல்ட் இட்டு முடுக்கவேண்டும்.

4. ஸ்டீரியோவின் பின்னுள்ள, வெள்ளைக் கோடிட்ட நீலக் கம்பி ஆம்ப்ளிஃபையரை எழுப்பும் கம்பி. இதை இணைத்தால்தான் ஸ்டீரியோ அணையும்போது ஆம்ப்ளிஃபையரும் அணையும். இல்லையேல் பேட்டரி இரவோடிரவாக வற்றிவிடலாம்.

5. பாட்டைச் சுமக்கும் ஆர்.சி.ஏ. கம்பியை வண்டியின் மறுபக்கமாகக் கொண்டுசெல்ல வேண்டும். மின்கம்பியோடு ஒட்டிச் சென்றால் எஞ்சினின் கீச்சொலி பாட்டில் கலக்கும்.

6. ஸ்பீக்கர்களை இணைக்குமுன் ஓம் கணக்குப் பார்க்கவேண்டும். 4 ஓம் இரண்டைப் பக்க இணைப்பில் இட்டால் 2 ஓம். தொடர் இணைப்பில் இட்டால் 8 ஓம். ஆம்ப்ளிஃபையர் தாங்கும் அளவுக்குக் கீழே போகலாகாது.

கோர்வையும் சுருதியும்

எல்லாம் இணைத்தபின் சப்-ஊஃபருக்கு 80 அதிர்வு அளவில் எல்லை வகுக்கவேண்டும். அதற்குக் கீழ் அதன் பங்கு. மேல் கதவு ஸ்பீக்கர்களின் பங்கு. நம்மூர்க் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். வெவ்வேறு நாடாவில் ஓடும் இழைகள் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். நல்ல கோர்வையில் இணைந்த இடம் உறுத்தாது. ஒலியிலும் அப்படியே. சப்-ஊஃபர் தனியே கேட்கிறதென்றால் கோர்வை சரியில்லை என்று பொருள்.

'கெயின்' என்ற திருகை ஒலியைக் கூட்டுவதற்கென்று எண்ணிப் பலர் முழுவதும் திருகிவிடுகிறார்கள். அது ஸ்டீரியோவின் அளவுக்கு ஆம்ப்ளிஃபையரை ஒத்துப்போகச் செய்வதற்கே. அளவு மீறினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகும், ஒலி கரகரக்கும், ஸ்பீக்கரின் சுருள் கருகும்.

முடிவாக ஒரு சொல்

85 டெசிபெல் ஒலியை நாளுக்கு எட்டு மணி நேரத்துக்குமேல் கேட்பது செவிக்குத் தீங்கு என்பர். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறையவேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்று வரம்பிட்டுள்ளன. நம் வீதிகளில் வீடுதோறும் தறியும் உண்டு, தொட்டிலும் உண்டு. காருக்குள் நடக்கும் கச்சேரி காரோடு நிற்பதே பண்பு.

சித்தப்பாவின் வேனில் இப்போதும் பாட்டு முழங்குகிறது. சென்ற விடுமுறையில் நாங்கள் இருவருமே கம்பியை மாற்றினோம். பேட்டரியருகே பியூசைப் போட்டு மூடியபோது, "இந்தச் சின்னத் தகடா என் வண்டியைக் காக்கும்?" என்றார். ஆம், நண்பர்களே! வகுப்பில் நாம் எழுதும் ஓமின் விதியும் ஜூலின் விதியும் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவன அல்ல. பிழைப்புக்காக ஓடும் ஒரு வண்டியையும் அதில் அமர்ந்திருப்போர் உயிரையும் காக்கும் வல்லமை அவற்றுக்கு உண்டு. கற்றதை வீட்டுக்கும் கொண்டுசெல்வோமாக!