இரண்டு டன் வண்டி இரண்டு டன் தூக்குமா?

ஃபோர்க்லிஃப்ட் வாங்க வருகிறவர் முதலில் கேட்பது, “எத்தனை டன் தூக்கும்?” என்றுதான். விற்பவரும் “ரெண்டு டன் சார்” என்று சொல்லிவிடுவார். ஆனால் வண்டியில் பொருத்தியிருக்கும் தகட்டில் 2,000 கிலோவுக்குப் பக்கத்தில் 500 மி.மீ. என்று இன்னொரு எண்ணும் இருக்கும். சிக்கலே அதில்தான்.

முன்சக்கர அச்சை நடுவில் வைத்த ஏற்ற இறக்கப் பலகை போன்றதுதான் கவுன்டர்பேலன்ஸ் ஃபோர்க்லிஃப்ட். ஒரு பக்கம் சரக்கு, மறுபக்கம் வண்டியின் பின்னால் இருக்கும் வார்ப்பிரும்புப் பாரம். சரக்கின் எடை மையம் ஃபோர்க்கின் நிமிர்ந்த முகத்திலிருந்து 50 செ.மீ. தூரத்துக்குள் இருந்தால்தான் அந்த 2,000 கிலோ செல்லும். கணக்கைப் போட்டே பார்க்கலாம். அச்சிலிருந்து ஃபோர்க் முகம் வரை 40 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், சரக்கின் மையம் அச்சிலிருந்து 90 செ.மீ. தள்ளியிருக்கிறது. இப்போது 1.6 மீட்டர் நீளப் பெட்டி ஒன்று வருகிறது. அதன் மையம் 80 செ.மீ.யில், அச்சிலிருந்து 120 செ.மீ. 2,000-ஐ 90-ஆல் பெருக்கி 120-ஆல் வகுத்தால் கிடைப்பது 1,500. எடை 1,800 கிலோதானே என்று நம்பித் தூக்கினால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பக்கூடும். உயரமாகத் தூக்கினாலும், சைடு ஷிஃப்டர் போன்ற துணைக்கருவிகளை மாட்டினாலும் தாங்கும் எடை இன்னும் குறையும்.

வெறும் வண்டியும் கவிழும். இரண்டு முன்சக்கரங்கள், பின் அச்சின் நடுப்புள்ளி ஆகிய மூன்றும் சேர்ந்த முக்கோணத்துக்குள் மொத்த எடை மையம் இருக்க வேண்டும். மாஸ்டை (ஃபோர்க்கை ஏற்றி இறக்கும் செங்குத்துச் சட்டத்தை) உயர்த்தியபடி வேகமாகத் திரும்பினால் அது வெளியே நழுவிவிடும். அப்படிச் சாயும்போது, உட்கார்ந்து ஓட்டும் வண்டியிலிருந்து குதிக்கவே கூடாது. குதித்தவர் மேல்தான் கூரைக் கம்பி வந்து விழும். சீட் பெல்ட்டைக் கழற்றாமல் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, கால்களை ஊன்றி, சாயும் பக்கத்துக்கு எதிராக உடலைச் சாய்க்க வேண்டும் என்பதே பயிற்சியில் சொல்லித்தருவது.

எடைக்கு அடுத்தது இடம். கவுன்டர்பேலன்ஸ் வண்டி திரும்ப, ரேக்குகளுக்கு நடுவே மூன்றரை முதல் நான்கு மீட்டர் வழி வேண்டும். ரீச் டிரக்குக்குச் சுமார் மூன்று மீட்டர் போதும். முன்னே நீளும் இரண்டு கால்கள் பாரத்தைத் தாங்க, மாஸ்டே முன்னும் பின்னும் நகரும். பத்து மீட்டர் உயரத்தில்கூட அது பேலட்டை வைக்கும். ஆனால் சின்னச் சக்கரம். ஜல்லி கொட்டிய முற்றத்தில் அதன் ஜம்பம் பலிக்காது. இரண்டு மீட்டருக்கும் குறைவான வழியில் ஓடும் வண்டிகளுக்குத் தரை இன்னும் சமமாக இருக்க வேண்டும். ஒரு மீட்டர் இடைவெளியுள்ள சக்கரங்களுக்குக் கீழே 3 மி.மீ. ஏற்றத்தாழ்வு இருந்தால், பத்து மீட்டர் உயரத்தில் அது 30 மி.மீ. சாய்வு. பேலட் ரேக்கில் இடிக்க அது போதும்.

சரக்கை உயரத்தில் அடுக்கவே வேண்டாம், லாரியிலிருந்து உள்ளே நகர்த்தினால் போதும் என்பவருக்கு ஹேண்ட் பேலட் டிரக்கே தாராளம்.

டீசல் வண்டி திறந்தவெளிக்கு நல்லது. மூடிய குடோனில் அதன் புகையும் கார்பன் மோனாக்சைடும் ஆளைக் கெடுக்கும்; அங்கே பேட்டரிதான். ஈய பேட்டரிக்கு எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர சார்ஜ், ஆற இன்னும் எட்டு மணி நேரம். லித்தியத்தைத் தேநீர் இடைவேளையில்கூடச் சார்ஜ் போடலாம். ஒரு விஷயம்: ஈய பேட்டரியின் கனம் பின்பாரத்தில் சேர்த்தி. எடை குறைந்த லித்தியத்தை மாற்றுபவர், தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு இரும்பைச் சேர்த்து ஈடுகட்ட வேண்டும்.

கன்டெய்னருக்குள் புகுந்து இறக்குவதானால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சாதாரண கன்டெய்னரின் உள் உயரம் சுமார் 2.39 மீட்டர். ஃபோர்க் உயரும்போதே மாஸ்டும் கூடவே உயர்ந்தால் கூரையில் முட்டும். மாஸ்ட் அசையாமல் ஃபோர்க் மட்டும் எவ்வளவு ஏறும் என்ற ‘ஃப்ரீ லிஃப்ட்’ அளவை ஆர்டர் கொடுக்கும் முன்பே கேட்டு வாங்கிவிடுவது நல்லது.