அறிந்தவரிடம் ஏன் கேட்க வேண்டும்?

கி.பி. 410 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அலாரிக்கின் படைகள் உரோமாபுரியினுட் புகுந்து மூன்று நாட்கள் சூறையாடின. அவ்வழிவின் பின் கடல் கடந்து ஆபிரிக்கக் கரையை அடைந்தோரில் புரோபா என்னும் விதவையும் ஒருவர். உரோமின் உயர்குடியைச் சேர்ந்தவர். அவருடைய புதல்வர் மூவரும் கொன்சல் பதவி வகித்தவர்கள். மருமகளோடும் பேர்த்தியோடும் அவர் கார்த்தேஜ் நகரில் ஒதுங்கினார். அங்கு அதிகாரம் செலுத்திய ஹெராக்கிலியன், தஞ்சமடைந்தோரைக் காப்பதற்குப் பதிலாக அவர்களிடம் பணம் பறித்தான் எனப் புனித ஜெரோம் எழுதிவைத்துள்ளார். அகதியின் அச்சத்தைக் காசாக்குவோர் எக்காலத்திலும் உளர் என்பதை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்தப் புரோபாவே, செபிப்பது எவ்வாறு என்று ஹிப்போ நகரின் ஆயராகிய புனித அகுஸ்தீனிடம் கேட்டார். அதற்கு அகுஸ்தீன் எழுதிய நீண்ட கடிதம் இன்றும் கிடைக்கிறது. கிறிஸ்தவ வாழ்வில் செபத்தின் நோக்கம் யாது என்பதற்கு அதனினும் தெளிவான விடை அரிது.

நாம் கேட்குமுன்பே எமது தேவைகளை இறைவன் அறிவார் என மத்தேயு நற்செய்தி கூறுகிறது. அவ்வாறாயின் கேட்பது எதற்கு? செபம் இறைவனுக்குத் தகவல் தருவதன்று என்கிறார் அகுஸ்தீன். அது எமது ஏக்கத்தைப் பயிற்றுவது. அவர் தரவிருப்பதைப் பெறுமளவிற்கு எம் உள்ளத்தை விரியச் செய்வது. சொற்கள் தேவைப்படுவது எமக்கே. ஆதலால் சொற்பெருக்கு அவசியமில்லை. எகிப்தியத் துறவியர் அம்பு எய்வது போன்ற குறுஞ்செபங்களை அடிக்கடி சொல்வதை அவர் எடுத்துக்காட்டுகிறார்.

கேட்டது கிடைக்காதபோது என்ன சொல்வது? தன் உடலில் தைத்த முள்ளை நீக்குமாறு பவுல் மும்முறை மன்றாடினார், அது நீக்கப்படவில்லை. கெத்சமனியில் இயேசுவே துன்பக் கிண்ணம் அகல வேண்டுமென்று கேட்டார், அது அகலவில்லை. இவ்விரண்டையும் அகுஸ்தீன் மறைக்காது புரோபாவின் முன் வைக்கிறார். வதிவிட அனுமதி கிடைத்தவனின் செபம் கேட்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டவனின் விசுவாசம் குறைவு என்று எம்மிடையே பேசுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். அப்பேச்சு செபத்தைப் பேரமாக்குவதோடு, பிள்ளையை இழந்த தாயின் தலையில் குற்றத்தையும் சுமத்துகிறது. பவுலை விசுவாசம் குறைந்தவர் என்று எவர் சொல்லத் துணிவார்?

அதே கார்த்தேஜ் நகரின் ஆயராயிருந்து 258 இல் இரத்தசாட்சியாக மரித்த புனித சிப்பிரியான் மற்றொன்றை உணர்த்தினார். கர்த்தர் கற்பித்த செபத்தில் 'நான்' என்பதே இல்லை. தந்தையும் எங்கள் தந்தை, உணவும் எங்கள் உணவு. உணவுள்ளவன் 'எங்களுக்கு' எனக் கேட்கும்பொழுது, உணவற்றவனுக்கும் சேர்த்தே கேட்கிறான். அவ்வாறு கேட்டபின் தன் கதவை அடைத்துக்கொள்வானாயின் தன் வாயாலேயே தன்னைப் பொய்யனாக்குகிறான். செபம் செயலுக்கு மாற்றாகாது. செயலுக்கு அது எம்மைக் கடமைப்படுத்துகிறது.

புரோபாவுக்கு எழுதிய விடையை அகுஸ்தீன் தாமே வாழ்ந்து காட்ட நேர்ந்தது. 430 இல் வண்டாலியர் ஹிப்போவை முற்றுகையிட்டனர். தாம் அந்நாட்களில் வேண்டியதை அவர் சொல்லக் கேட்ட நண்பர் போசிடியுஸ் அதனைப் பதிந்துள்ளார்: இறைவன் நகரை விடுவிக்க வேண்டும், அது அவர் சித்தமில்லையெனில் தம் அடியார்க்குத் தாங்கும் வலிமை தர வேண்டும், அன்றேல் தம்மை அழைத்துக்கொள்ள வேண்டும். முற்றுகையின் மூன்றாம் மாதத்தில், ஆகஸ்ட் 28 ஆம் நாள் அவர் மரித்தார். முற்றுகையோ நீடித்தது.

முதலாவது வேண்டுதல் அன்று கைகூடவில்லை. மூன்றாவது அவருக்கு மட்டுமே உரியது. மதிலுக்குள் எஞ்சியிருந்தோர் பற்றிக்கொள்ள இரண்டாவதே இருந்தது. எம்மிற் பலருக்கும் இன்று உள்ளது அதுவே. அதனைச் சிறிய வேண்டுதல் என்று நாம் கருதவில்லை.