குடல் பாக்டீரியாவுக்கு உடல் அனுப்பும் சீட்டு

எட்டாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடத்தை நடத்தும்போது நான் அதிகம் சந்திக்கும் எண்ணம், பாக்டீரியா என்றாலே பகை என்பதுதான். இந்த எண்ணத்தை மாற்ற உதவும் ஓர் அறிவியல் செய்தியைச் சக ஆசிரியர்களுடன் பகிர விரும்புகிறேன்.

ஒரு மனித உடலில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி செல்கள் உள்ளன. பாக்டீரியாக்களோ சுமார் 38 லட்சம் கோடி. அவற்றில் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவை நொதிக்க வைத்து, பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்கள் தமக்கு வேண்டிய ஆற்றலைப் பெரும்பாலும் இதிலிருந்தே பெறுகின்றன.

பதிலுக்கு உடல் என்ன செய்கிறது? இங்குதான் மைக்ரோ ஆர்.என்.ஏ. வருகிறது. வகுப்பில் நான் சொல்லும் உவமை இது: டி.என்.ஏ. என்பது தலைமையாசிரியர் அறையில் பூட்டி வைத்த பதிவேடு. தூது ஆர்.என்.ஏ. அதிலிருந்து வெளியாகும் சுற்றறிக்கை. அதைப் பார்த்தே புரதம் தயாராகிறது. ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடுகளே நீளமுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ., அந்தச் சுற்றறிக்கையின் மேல் 'நிறுத்தி வைக்கவும்' என்று ஒட்டப்படும் சீட்டு. விக்டர் அம்ப்ரோஸ், கேரி ரவ்குன் ஆகியோர் 1993இல் ஓர் உருளைப்புழுவில் இதைக் கண்டறிந்தனர்; 2024இல் நோபல் பரிசு பெற்றனர்.

இந்தச் சீட்டு நம் செல்களோடு நின்றுவிடுவதில்லை. குடல் செல்கள் வெளியிடும் மைக்ரோ ஆர்.என்.ஏ. சில பாக்டீரியாக்களுக்குள் நுழைந்து, அவற்றின் மரபணுச் செயல்பாட்டையும் வளர்ச்சியையும் மாற்றுகிறது என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2016இல் காட்டினர். குடல் செல்களில் மைக்ரோ ஆர்.என்.ஏ. உருவாக முடியாத எலிகளில் பாக்டீரியாக்களின் கலவை மாறியது. குடல் அழற்சியும் கடுமையானது. நலமான எலிகளின் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கொடுத்தபோது நிலைமை சீரடைந்தது. இது எலிகளில் கண்ட முடிவு. மனிதருக்கான மருந்தாக இன்னும் மாறவில்லை என்பதையும் மாணவர்களிடம் சொல்ல வேண்டும்.

இருவரும் சேர்ந்து நடத்தும் குடித்தனம் இது. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துக்கு நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்ற வேறுபாடு தெரியாது. வைரஸால் வரும் சளிக்கு அது பயன்படவும் செய்யாது. எனவே மருத்துவர் சொல்லாமல் கடையில் அதை வாங்கிச் சாப்பிடக் கூடாது. அவர் எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். சத்துணவில் தரும் கொண்டைக்கடலையையும் பச்சைப்பயறையும் ஒதுக்கும் பிள்ளைகளிடம், "இது உனக்கு மட்டுமில்லை, உன் குடலில் இருக்கும் கூட்டாளிகளுக்கும் சேர்த்துத்தான்" என்று சொல்லிப் பாருங்கள்.