கொய்யாப்பழமா, ஆயிரம் மில்லிகிராம் குளிசையா?

வெள்ளவத்தைச் சந்தையில் கொய்யாப்பழமும் தேசிக்காயும் வாங்கிக்கொண்டு காலி வீதிக்கு வந்தால், பார்மசிகளில் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி குளிசைக் குழாய்கள் அடுக்கியிருக்கும். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரைபவை. கொவிட் காலத்தில் தொற்றிய பழக்கம் பல வீடுகளில் இன்னும் போகவில்லை. லூபஸ், முடக்குவாதம் உள்ளவர்களும் "எதிர்ப்புச் சக்தி கூடட்டும்" என்று நாளாந்தம் குடிக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஆள் மாறிய தாக்குதல்

இந்த வருத்தங்களில் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே பகையென்று நினைத்துத் தாக்குகிறது. முடக்குவாதத்தில் மூட்டுகளை, லூபஸில் தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பலவற்றை. வைட்டமின் சி இதைக் குணமாக்கும் என்பதற்குச் சான்று இல்லை. அதற்காகப் பழத்துக்குப் பயப்படவும் தேவையில்லை. சாப்பாட்டில் கிடைக்கும் அளவு உடலுக்கு வேண்டியதுதான்.

எவ்வளவு போதும்?

வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 75 மில்லிகிராம், ஆணுக்கு 90. நூறு கிராம் கொய்யாவில் சுமார் 200 இருக்கிறது. பாதிப் பழமே அன்றைய கணக்கை முடித்துவிடும். பப்பாப்பழம், தோடம்பழம், நெல்லிக்காய் எதுவும் நல்லது.

வல்லாரைச் சம்பலைப் பாருங்கள். இலையைப் பச்சையாக நறுக்கி, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்து, கடைசியில் தேசிக்காய் பிழிகிறோம். அடுப்பே காட்டுவதில்லை. வெப்பத்தில் அழியும் வைட்டமின் சி அப்படியே வாய்க்கு வருகிறது. சொதிக்கும் இறக்கிய பிறகு தேசிப்புளி விடுவது இதனால் நன்மையே.

சிறுநீரகத்தைக் கவனியுங்கள்

ஆரோக்கியமானவருக்கே நாளொன்றுக்கு 2000 மில்லிகிராம்தான் உச்ச எல்லை. மிஞ்சும் வைட்டமின் சியில் ஒரு பகுதி ஒக்ஸலேட்டாக மாறிச் சிறுநீரில் இறங்கும்; கல் உண்டாகலாம். லூபஸ் சிறுநீரகத்தைத் தொட்டிருந்தால் இந்தப் பாரம் இன்னும் கூடாது. நுரைக்கும் குளிசைகள் பலவற்றில் சோடியமும் உண்டு. பிரஷர் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து எடுப்பதால் சீனி பார்த்து வருபவர்களே, வைட்டமின் சி மிக அதிகமானால் சில குளுக்கோமீட்டர்கள் பிழையான அளவைக் காட்டும்.

எனக்கு அதிகம் பயமளிப்பது வேறொன்று. "வைட்டமின் குடிக்கிறேன்தானே" என்று மருந்தை விடுவது. பல நாள் எடுத்த பிரெட்னிசொலோனைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ, அடுத்த கிளினிக் நாளில் கொப்பியோடு வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும், வைட்டமின் குழாய் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள்.